நாக்கு எண் இரண்டு

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஈஸிசேரில் சாய்ந்திருந்த தில்லைநாயகம் "ச்சு" என்று உச்சுக் கொட்டினார். மறுபடி குரைத்தது. மறுபடி உச்சு. மூன்றாவது உச்சில் குரைப்பு அறுந்தது. நாய் நிறுத்தவில்லை. மதில்மேல் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு, தொட்டி மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அருமை," என்றார் தில்லைநாயகம்.

கூரை மூலைகளில் பல்லிகளைப் போல ஒட்டிக்கிடந்தன எட்டு ஓசையுண்ணிகள். வருகிற ஓசையைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை அதே கணத்தில் அனுப்பும். இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போகும். காம்பவுண்டுக்குள் யார் காதிலும் அந்த ஓசை விழாது. எதை உண்ண வேண்டும் என்று சொல்வதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. எரிச்சல் வந்தால் தமிழர்கள் பொத்தானைத் தேடுவதில்லை, உச்சுக் கொட்டுகிறார்கள் என்று அந்தக் கருவிகளைத் தயாரித்த கம்பெனி ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருந்தது. ஓர் ஓசைக்கு மூன்று உச்சு. அவ்வளவுதான்.

திருச்சி வயலூர் சாலையில் அந்த வீட்டைக் கட்டி முடித்த நாளிலிருந்து அவருக்கு எதிரிகள் அதிகம். எதிர் மனையில் டைல்ஸ் அறுக்கும் மெஷின், மாடி வீட்டு மிக்ஸி, தண்ணீர் மோட்டார், காலிங் பெல். முதல் மாதத்திலேயே உண்ணிகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தன. குக்கர் விசிலையும் தின்றதில் சோறு இரண்டு நாள் களியாகப் போனது. களியைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் அமைதியைப் பாராட்டினார்.

கருவியைப் பொருத்த வந்த சகாயமேரி அன்றைக்கே கேட்டாள்: "வேற யாரு நாக்கையாச்சும் பதியணுமா சார்? அம்மாவோடது?"

"பத்திரம் என் பேர்ல இருக்கும்மா. என் நாக்கு போதும்."

அவர் மனைவி மங்கையர்க்கரசி அப்போது காபியோடு வந்துகொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடம் அந்த நாக்குக்குச் சமைத்தவள். அதன் அதிகாரம் அவளுக்குப் புதிதில்லை.

இத்தனையும் ஒரு தோடி ராகத்துக்காக. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோயில் புறப்பாட்டில் நல்லிச்சேரி கலியமூர்த்தி நாற்பத்து மூன்று நிமிடம் வாசித்த தோடி. நாகசுரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று தில்லைநாயகமே பதிவு செய்தது. உலகத்தில் வேறு பிரதி கிடையாது. பதினேழாவது நிமிடத்தில் கலியமூர்த்தி மேல்ஸ்தாயிக் காந்தார சுரத்தில் ஏறி நின்று, இறங்க மனமில்லாமல் ஒரு சுழற்று சுழற்றுவார். அந்த இடத்தில் தில்லைநாயகத்தின் கண் கலங்கும். வேதியியல் பேராசிரியராக இருந்த காலத்தில் அவர் வேறு எதற்கும் கண் கலங்கியதாக மாணவர்கள் யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் பதினேழாவது நிமிடம் காணாமல் போனது.

கலியமூர்த்தி காந்தாரத்தை நோக்கி ஏறினார், ஏறினார், ஏறி எங்கோ போய்விட்டார். பின்னால் தவில் மட்டும் கேட்டது. பிறகு கீழே இறங்கி வந்தார், கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி. தில்லைநாயகம் வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். அடுத்த வாரம் இருபத்து நாலாவது நிமிடமும் போனது. நல்ல இடமாகப் பார்த்துப் பார்த்துப் போனது.

அந்த வருத்தத்திலும் ஓர் ஆறுதல் இருந்தது. மங்கையின் முழங்கால் வலி தீர்ந்துவிட்டது. உட்கார்ந்து எழும்போதெல்லாம் "அம்மா... அப்பா..." என்று முனகிக்கொண்டிருந்தவள் இப்போது சத்தமே போடுவதில்லை.

"பாத்தியா, நான் வாங்கிக் குடுத்த தைலம் எப்புடி?" என்றார்.

மங்கை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து, அவள் காதுக்கு நன்றாகக் கேட்கும்படி முனகியிருந்தாள். நம் குரல் மண்டையோட்டின் எலும்பு வழியாக நமக்கு உள்ளேயே கேட்டுவிடும். அதை உண்ணியால் தொட முடியாது.

மறுநாள் சகாயமேரி வந்து, கையடக்கத் திரையில் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"சார், பாட்டக் கேக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"கேப்பேன்."

"கேட்டுக்கிட்டு?"

"நல்ல இடம் வந்தா..." தில்லைநாயகம் தன்னை அறியாமல் தலையை ஆட்டி, கண்ணை மூடி, செய்து காட்டினார். "ச்சு!"

"அதாங்க சார்."

கம்பெனியின் ஆராய்ச்சியில் மூவாயிரம் பேர் கலந்துகொண்டிருந்தார்கள். அதில் சங்கீத ரசிகர் ஒருவர்கூட இல்லை. உலகத்திலேயே எரிச்சலுக்கும் பரவசத்துக்கும் ஒரே சத்தம் போடுகிற பிராணி ஒன்று உண்டு என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அப்பறம் இது என்னா சார்? 'நாக்கு எண் ஒன்று. ஓசை: பெண் முனகல். ச்சு மூன்று.' அம்மா மொனகுனா உச்சுக் கொட்டுனீங்களா?"

"பாவம்னு கொட்டியிருப்பேன்மா!"

"பாவம்னும் கொட்டுவீங்களா?" சகாயமேரி பெருமூச்சு விட்டாள். "அப்பச் சரி. இந்த வீட்ல நீங்க கண்டுக்கவே கண்டுக்காத சத்தம் உங்க ஃபேன் ஒண்ணுதான் சார்."

மேலே மின்விசிறி டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் முதன்முறையாக அதை நிமிர்ந்து பார்த்தார்.

கதவோரம் நின்று மங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத்தத்தையும் அழிச்சிரலாம்," என்றாள் சகாயமேரி. "நாய், மோட்டார், டைல்ஸ் மெஷின் எல்லாம் திரும்ப வந்துரும். இல்லாட்டி ஒரே ஒரு ஓசைய மட்டும் விடுவிக்கலாம். கேரண்டில ஒண்ணுதான் சார் உண்டு. அம்மா மொனகலா, அந்த நாயனமா?"

தில்லைநாயகம் மனைவியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"மங்கை, மொனகுறது உனக்கே புடிக்காதுல்ல?"

"ஒரு வாய் காபி குடிக்கிற நேரமாச்சும் யோசிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மங்கை.

"எதுவும் வேணும்னா நீ வாயத் தொறந்து பேசு. பேச்சு கேக்குமே!"

நாயனம் விடுவிக்கப்பட்டது. சகாயமேரி போகும்போது சொன்னாள்: "புது மென்பொருளும் ஏத்திட்டேன் சார். இனி மூணு தடவை கொட்ட வேணாம். ஒரு உச்சு போதும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு தில்லைநாயகம் ஈரிழைத் துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக முடிந்துகொண்டார். பல் வலிக்காரருக்கும் பிணத்துக்கும் நடுவில் இருந்தது தோற்றம். நாக்கு அசைய வழியில்லை. தோடி தொடங்கியது.

பதினேழாவது நிமிடம். கலியமூர்த்தி ஏறினார். காந்தாரம் வந்தது! நின்றது. ஒரே ஒரு கணம், முழுசாக, பழைய வெயிலோடு. அடுத்த கணம் பதிவிலிருந்து தெளிவாக ஒரு "ச்சு".

முப்பது வருடத்துக்கு முந்தைய தில்லைநாயகம், நாகசுரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று, தாங்க முடியாமல் கொட்டிய உச்சு. உண்ணிகள் நாக்கை அடையாளம் கண்டுகொண்டன. சொந்தக்காரர் நாக்குதான். ஒன்று போதும் என்பது புதிய விதி. காந்தாரம் மறைந்தது. இளைஞர் தில்லைநாயகம் நல்ல ரசிகர். அடுத்த இருபத்தாறு நிமிடத்தில் பதினொரு தடவை கொட்டினார். கடைசியில் நாகசுரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. தவிலும், எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும், பலூன்காரனின் பீப்பீயும் மட்டும்.

இதே நாற்பத்து மூன்று நிமிடமும் மங்கை கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்கு அருகில் விழுந்து கிடந்தாள். வாயைத் திறந்து பேசத்தான் பார்த்தாள். இடுப்பு எலும்பு முறிந்தவளுக்குப் பேச்சு வரவில்லை, முனகல்தான் வந்தது. பக்கத்து வீட்டு நாய் மதில்மேல் ஏறி நின்று அவளைப் பார்த்து, தொண்டை கிழியக் குரைத்தது. அதன் சொந்தக்காரர் ஜமால் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அதைக் கேட்டு, எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, வாசலில் பத்து தடவை பெல் அடித்தார். பிறகு சுவரேறிக் குதித்தார்.

"சார்! ஒங்க காது என்ன செவுடா?"

தில்லைநாயகம் உச்சந்தலையில் துண்டின் முடிச்சைத் தேடினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மங்கை மூன்று வாரம் கழித்து வந்தாள். ஹாலில் கட்டில் போட்டார்கள். ஆறு மாதம் அசையக்கூடாது. சகாயமேரியை மறுபடி வரவழைத்தார் தில்லைநாயகம்.

"இப்பயாச்சும் மொத்தத்தையும் அழிச்சிரலாமா சார்?"

"இந்த நேரத்துல நாய் வேற குரைச்சா அவளுக்குத் தூக்கம் வருமா?" குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது. "வேணாம்மா. அவ நாக்கையும் பதிஞ்சிரு. அவளுக்குப் புடிக்காத சத்தம் எதுவும் இனி அவ காதுல விழக்கூடாது."

மங்கை நாக்கை நீட்டினாள், அம்மனைப் போல. நாக்கு எண் இரண்டு.

சகாயமேரி போனதும் தில்லைநாயகம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மங்கை பேசத் தொடங்கினாள். அந்த நாற்பத்து மூன்று நிமிடத்தைப் பற்றி. வெயில் எப்படி அவள் கால்களிலிருந்து முகத்துக்கு நகர்ந்தது என்று. ஈ ஒன்று உதட்டில் உட்கார்ந்ததை. நாயின் பல்லைப் பார்த்துக்கொண்டே கிடந்ததை. முப்பத்தாறு வருடத்தில் முதன்முறையாக தில்லைநாயகம் அவள் பேச்சை முழுக் கவனத்தோடு கேட்டார். அதுவரை அவள் குரலுக்கு அவர் ஒருமுறைகூட உச்சுக் கொட்டியதில்லை. கேட்டால்தானே கொட்டுவதற்கு.

அவர் கண் கலங்கியது.

"ச்சு," என்றார்.

மங்கையின் உதடுகள் அசைந்தன.

"மெதுவாப் பேசாத, கேக்கல," என்றார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "தெம்பில்லன்னா விடு. நான் பேசறேன், நீ கேளு. உனக்கு இடுப்பு போச்சு. எனக்குத் தோடி போச்சு. ரெண்டு பேருக்கும் நஷ்டந்தான். அந்தக் காந்தாரம் இருக்கு பாரு மங்கை, அது வெறும் சுரம் இல்ல..."

மங்கை பேச்சை நிறுத்தினாள். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மெதுவாக எடுத்தாள்.

"ச்சு."

அது எரிச்சலா, பரிதாபமா என்று உண்ணிகள் கேட்கவில்லை. பரவசம் இல்லை என்பது மட்டும் உறுதி.

தில்லைநாயகம் கையை மேலே உயர்த்தி, காந்தாரம் நிற்கும் இடத்தைக் காட்டி விளக்கிக்கொண்டே போனார். தலைக்குள் அவர் குரல் கணீரென்று இருந்தது. மங்கையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள், ஈயிலிருந்து. மாலைவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் மின்விசிறி டக் டக் என்றது.