வாசலோடு நிற்கும் எதிர்காலம்

எதிர்காட்டி முகாமிலிருந்து வெளியே வந்தவர்கள் யாரும் தவமணி டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் கும்பிட்டுவிட்டு உள்ளே போனவர்கள்தான். இப்போது கண்ணில் தூசி விழுந்தாற்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டு நழுவினார்கள்.

அந்தச் சட்டம் வந்து இருபது ஆண்டாகிறது. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பும், வாக்களிக்கும் அன்றும், யார் வேண்டுமானாலும் எதிர்காட்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கலாம். இன்னார் ஜெயித்தால் பதினைந்து வருடம் கழித்து உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் காட்டும். ஜோசியம் அல்ல, வீட்டில் உள்ளவர்களின் உடல்நிலை, படிப்பு, ஊரில் உள்ள வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. பெரும்பாலும் தப்பியதில்லை.

தவமணியும் கணக்கு டீச்சர்தான். அலைவாய்ப்பட்டி அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து படிக்கும் பள்ளி அது. மனு எழுதி எழுதிச் சலித்து, பள்ளிகளுக்கான நிதியைச் சட்டசபையிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றார். எதிரே நின்ற அந்தோணிப்பிச்சை மீன் பதனிடும் ஆலை கொண்டுவருவதாகச் சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான்.

கடைசியாக வந்த ரெஜினாவை டீச்சர் விடவில்லை. ரெஜினா கருவாடு விற்பவள். அவள் மகள் பிரின்சி பத்தாம் வகுப்பு. கணக்கை எழுதிப்போடும் முன்பே விடை சொல்கிறவள்.

“என்ன பாத்த, ரெஜினா?”

“நீங்க ஜெயிச்சா வீடு காலியா கெடக்கு டீச்சர். நான் ஒத்தையில உக்காந்து டிவி பாக்கேன். பிள்ளையக் காணோம்.”

“படிச்சு வேலைக்குப் போயிருப்பா.”

“போயிருப்பா. எங்கன்னு யாரு கண்டா? அந்தப் பெட்டி வாசல் வரைக்கும்தான காட்டுது. அவரு ஜெயிச்சா எம்பிள்ள வீட்டுல இருக்கா. பேரன் என் மடியில கெடக்கான். நான் சிரிக்கேன்.”

அன்று மாலைக் கூட்டத்தில் டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பெட்டி பொய் சொல்லல. நான் ஜெயிச்சா உங்க பிள்ளைங்க போயிருவாங்க. நான் பாடம் நடத்துறதே அதுக்குத்தான். ஆனா போன இடத்துல அவங்க எப்படி இருப்பாங்கன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.”

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர், தோளில் தூங்கிப்போன மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

டீச்சர் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். முதியோர் இல்லத்துச் சாவடியில் மட்டும் முந்தியிருந்தார். பெட்டி காட்டுவதற்கு அங்கே யாருக்கும் வீடு இல்லை.

மூன்றாம் நாள் ரெஜினா, பிரின்சியைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

“நான் உங்களுக்குப் போடல டீச்சர்.”

“தெரியும். உள்ள வா.”

“ஓட்டு போடுற அன்னைக்கு, அவரு ஜெயிச்சா வர்ற வீட்ட இன்னொரு தடவ பாத்தேன். மொதத்தடவ என் மூஞ்சிய மட்டும்தான் பாத்திருக்கேன். அன்னைக்குத்தான் இவ மூஞ்சியப் பாத்தேன்.” ரெஜினாவின் குரல் இறங்கியது. “சிரிப்பே இல்ல டீச்சர். அதப் பாத்த பொறவும் அவருக்குத்தான் போட்டேன். இவ இல்லாத வீட்டுக்கு ஓட்டுப் போட எனக்குக் கை வரல.”

பிரின்சி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்தாள்.

“அதனால நீங்களே இவளுக்குச் சொல்லிக் குடுங்க. இங்கேருந்து போற அளவுக்கு.”

தவமணி பாயை எடுத்து விரித்தார். நிமிர்ந்தபோது கேட்டுக்கு வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் தெரிந்தார்கள். தோற்கடித்தவர்கள். ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் முதலில் உள்ளே வருவதென்று தயங்கி நின்றார்கள்.

“வாங்க,” என்றார் டீச்சர். “எடம் பத்தாது. நெருங்கி உக்காருங்க.”