பச்சிளம் வார்டின் அனுமதி

மதியம்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறையில் டியூப்லைட் போடாமல் எதுவும் தெரியவில்லை. ஈரச் சுவரின் வாடையில் பினாயில் நெடி கலந்திருந்தது. கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் அவள், சொட்டும் குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். மேல்மாடியில், பச்சிளம் குழந்தைகள் வார்டில், தங்கையின் குறைமாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுவிடப் பழகிக்கொண்டிருந்தது.

மேலாளர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“பெரிய சிஸ்டர் தவறி ஒரு வருஷம் ஆச்சும்மா. இன்னும் அவங்க பேர்ல பச்சிளம் வார்டு கதவு திறக்குது. எவனோ அவங்க கதவுக் கார்டை வச்சிருக்கான். எந்தெந்தக் குழுவுல அவங்க பேர் இருக்குன்னு பாத்துத் தூக்கிடு.”

“கார்டை அவங்க உடம்போடவே எரிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே, சார்?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி படியேறிப் போய்விட்டார்.

கறுப்புத் திரையில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினாள். ஒருவர் பெயரைக் கொடுத்தால், அவர் எந்தப் பாதுகாப்புக் குழுக்களில் இருக்கிறார் என்று அது காட்டும். குழுவில் பெயர் இருந்தால்தான் கதவு திறக்கும்.

வந்தது ஒரே ஒரு குழு. பச்சிளம் வார்டு.

அதிலிருந்து பெயரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

அதே குழு.

“போனவங்க போகணும் சிஸ்டர்,” என்று முணுமுணுத்தபடி அவர் பெயரிலிருந்த கணினிக் கணக்கையே அழித்தாள். இம்முறை திரை வெறுமையாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

திரும்பினாள். யாருமில்லை. போன் அடித்தது. தங்கை.

“அக்கா... மேல வா...”

அவள் ஓடி ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டு நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள்.

“மூச்சு நின்னது யாருக்கும் தெரியல மேடம். எந்தக் குழந்தைக்கு மூச்சுத் திணறினாலும் உள்ள இருந்து யாரோ மணி அடிப்பாங்க. நாங்க ஓடுவோம். யாருன்னு கேக்க எங்களுக்குப் பயம். இன்னிக்கு மட்டும் அடிக்கவே இல்ல.”

அவள் கீழே ஓடி வந்து, பெரிய சிஸ்டரின் கணக்கைத் திரும்ப உருவாக்கினாள். குழுவில் சேர்த்தாள். ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தாள். பெயர் இருந்தது. குழந்தை இல்லை.

எந்த வாயால் இதைத் தங்கையிடம் சொல்வது?

சாயங்காலம் தங்கையின் கணவர் வெள்ளைத்துணிப் பொதியை மார்போடு அணைத்து வண்டியில் ஏறினார். மற்ற குழந்தைகளை அடுத்த கட்டடத்துக்கு மாற்றி, வார்டைப் பூட்டிவிட்டார்கள். தங்கையைக் கைத்தாங்கலாக அந்த வழியே அழைத்து வந்தாள்.

பூட்டிய கதவில், அனுமதி உள்ளவர் நுழையும்போது மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே, இருட்டில், யாரோ மெல்ல ஆராரோ பாடினார்கள். நடுநடுவே ஒரு குழந்தை சிணுங்கியது.

தங்கை அவள் கையை இறுகப் பற்றினாள்.

“அக்கா... அது என் புள்ள.”