ஒன்று கூட்டி ஒன்று குறைத்து

பல் துலக்கி, முகம் துடைத்து, இடது காதுக்குப் பின்னால் இருந்த சின்ன மூடியைத் திறந்து அல்லியை உள்ளே செருகியபோது பொன்னிவளவனுக்கு வழக்கம்போல் ஒரு தும்மல் வந்தது.

“நூறு வயசுங்க,” என்றது அல்லி.

“நூறெல்லாம் வேண்டாம். இன்னிக்கு ஒருநாள் உருப்படியா வழி சொல்லு, போதும்.”

“தினமும் உருப்படியாத்தானுங்க சொல்றேன்.”

அல்லி என்பது துவரம்பருப்பு அளவுள்ள ஒரு வில்லை. அதற்குள் ஒரு குரல், ஒரு ஞாபகம், தேவையான அளவுக்குக் கொஞ்சம் புத்தி. இந்த வகை வில்லைக்கு வழிச்சொல்லி என்று பெயர். செவ்வாயில் ராலி என்னும் கரடுமுரடுப் பாதைக் கார்ப்பந்தயம் ஓட்டுகிற எவரும் வழிச்சொல்லி இல்லாமல் வண்டியில் ஏற முடியாது. காரணம் புழுதி. அங்கே மண் மைதா மாவைப்போல மெல்லியது. வறண்ட காற்றில் உராய்ந்து உராய்ந்து மின்னேற்றம் பெற்று, முன்கண்ணாடியில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். துடைப்பான் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் மறுபடி சிவப்புத் திரை. ஆகவே ஓட்டுநர் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுகிறார்.

எப்படி என்றால், போட்டிக்கு முன்பு வழிச்சொல்லியுடன் இரண்டுமுறை அந்தப் பாதையில் மெதுவாகப் போய்வர அனுமதி உண்டு. அப்போது அது ஒவ்வொரு வளைவையும் அளந்து எண் கொடுத்துவிடும். ஒன்று என்றால் கொண்டை ஊசி வளைவு, ஊர்ந்துதான் திரும்பவேண்டும். ஆறு என்றால் வளைவு என்று பெயருக்குச் சொல்லலாம். காலை எடுக்காமல் பறக்கலாம். நடுவில் உள்ள எண்களுக்கு நடுவில் உள்ள வேகங்கள். போட்டியின்போது, “வலது மூணு, நூறு மீட்டர் நேர், இடது அஞ்சு, உள்பக்கம் பாறை” என்று குரல் காதுக்குள் சொல்லச் சொல்ல, கையும் காலும் அதன்படி ஆடும். பூமியில் இந்த வேலையை ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தார். செவ்வாயில் இன்னொரு ஆளுக்கு இன்னொரு உருளை பிராணவாயு சுமக்கவேண்டும் என்பதால் அவரைப் பருப்பு அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

மற்றபடி அந்தக் கோளில் எல்லா வண்டிகளும் தாமாகவே ஓடின. மனிதன் ஸ்டியரிங்கைத் தொடுவது ராலியில் மட்டும்தான். அதனாலேயே, ஒரு மனிதன் தன் கையாலேயே தப்புச் செய்வதைப் பார்க்க, குடியேற்றங்கள் அனைத்தும் வேலையைப் போட்டுவிட்டுத் திரைமுன் உட்கார்ந்துவிடும். பட்டத்துக்கு இன்னமும் உலகப் பட்டம் என்றுதான் பெயர். எந்த உலகம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பட்டம் பொன்னிவளவனின் வாழ்க்கையில் ஒருமுறைகூட வந்ததில்லை. மூன்று முறை இரண்டாமிடம். இந்த வருடம் பந்தயப் பருவத்தில் பாதி தாண்டியபோது நொய்யல் அணிக்காக ஓட்டிக்கொண்டு நல்ல முன்னிலையில் இருந்தான். இருக்கிற இடத்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் செம்புழுதி அணியிடம் புதிய வண்டி இருந்தது. அதைவிட, அல்லி இருந்தது. மயிரிழை பிசகாமல் அளக்கும் வழிச்சொல்லி என்று ஊரெல்லாம் பேச்சு. பருவத்தின் நடுவிலேயே தாவிவிட்டான்.

அவன் வந்ததால் செம்புழுதியில் இடமிழந்தவள் நஸீமா. பட்டியலில் அவனுக்கு அடுத்து இருந்தவள். அவள் நேராகப் போய் நொய்யலில் அவன் விட்டுவந்த இருக்கையிலேயே உட்கார்ந்தாள். ஓட்டுநர் அணி மாறலாம், வழிச்சொல்லி மாறக்கூடாது. அது அணியின் சொத்து என்பது விதி. ஆகவே நான்கு வருடம் அவன் காதில் குடியிருந்த மைனா இப்போது நஸீமாவின் காதில். அவளுடைய அல்லி இவன் காதில்.

மாறிய பிறகு மூன்று ராலிகள். முதலாவதில் பொன்னிவளவன் வண்டியைக் கவிழ்த்தான். இரண்டாவதில் ஒரு பாறை சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டது. மூன்றாவதில் பள்ளத்தில் இறங்கி, ஏறி, எப்படியோ வந்துசேர்ந்தான். நஸீமாவோ மூன்றிலும் மாட்டுவண்டி வேகத்தில் போனாள். ஆனால் மூன்றிலும் போய்ச்சேர்ந்தாள். இன்று கடைசி ராலி தொடங்கும்போது இருவருக்கும் சரிசமப் புள்ளி. இதில் யார் முந்துகிறாரோ அவருக்குப் பட்டம்.

ஒரு ராலியில் பல கட்டங்கள் உண்டு, எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. கடைசிக் கட்டத்துக்கு முந்தைய இடைவேளையில் அவன் நஸீமாவைவிடப் பதினோரு வினாடி முன்னிலையில் சர்வீஸ் கூடாரத்துக்கு வந்தான். வண்டியின் இடப்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. அணியின் தலைமைப் பொறியாளர் கலாமணி அக்கா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். புதுக்கோவைக் குடியேற்றத்தில் பிறந்தவள். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்குள் மோட்டாரைக் கழற்றப் பழகிவிடுவார்கள்.

“ஒண்ணு காட்டறேன் தம்பி. கோவிச்சுக்கப்படாது.”

“இன்னிக்கு நான் ஜெயிக்கப் போறேன் அக்கா. யாரையும் கோவிச்சுக்க மாட்டேன்.”

திரையில் அவனுடைய பழைய ராலி ஒன்று ஓடியது. நொய்யல் காலத்து நேரடி ஒளிபரப்பு. மைனாவின் கொஞ்சல் குரல் “இடது மூணு” என்றது. பக்கத்தில் அதே வளைவின் அளவை வரைபடம். அதில் நான்கு என்று இருந்தது.

“மைனா மூணுங்குது. ரோடு நாலு. அடுத்ததைப் பாருங்க. ரெண்டுங்குது. ரோடு மூணு.”

“மைனாவுக்கு அளக்கத் தெரியலையா?”

“நல்லாத் தெரியும். உங்களையும் தெரியும். மூணுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

பொன்னிவளவன் யோசித்தான். “கொஞ்சம் வேகம் சேத்துப் போவேன். எல்லாரும் பயந்து பயந்துதானே சொல்லுவாங்க.”

“அதேதான். நாலுல போகவேண்டிய எடத்துல நாலுன்னு சொன்னா நீங்க அஞ்சுல போயி ஆகாசத்துல பறப்பீங்க. அதனால மூணுன்னு சொல்லி உங்களை நாலுல போகவெச்சிருக்குது. நாலு வருசமா.”

“பொய் சொல்லியிருக்குதா!”

“பொய்யின்னு ஏனுங்க சொல்றீங்க. வழிச்சொல்லிக்கு எல்லாத்துக்கும் மேல ஒரே சட்டம்தானே, ஓட்டறவங்க உசுரோட திரும்பணும். அதுக்கு என்ன வேணுமோ அதைப் பண்ணியிருக்குது.”

“அப்ப அல்லி?”

“அல்லி உள்ளதை உள்ளபடி சொல்லுது. நீங்க பழக்கதோஷத்துல ஒண்ணு கூட்டறீங்க. வண்டி குட்டிக்கரணம் போடுது. நான் ராத்திரி பகலாத் தகரம் தட்டறேன்.”

பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்த எந்திரன்கூட ஒருகணம் நிறுத்தியதுபோல் அவனுக்குப் பட்டது. நான்கு வருடமாகத் தன் துணிச்சல் என்று நினைத்திருந்தது, வேறொருவர் முன்கூட்டியே கழித்துவைத்த கணக்கு. ‘நம்ம பையன் பயமறியாதவன்’ என்று அவன் அப்பா குடியேற்றம் முழுக்கச் சொல்லித் திரிந்தது அந்தக் கொஞ்சல் குரல் போட்ட பிச்சை.

“கடைசிக் கட்டம் வெட்டுப்பள்ளத்து ஓரம்,” என்றாள் கலாமணி அக்கா. “கூட்டினீங்கன்னா கவுர மாட்டீங்க. விழுவீங்க. விழுந்தா தட்டறதுக்குத் தகரம்கூட மிஞ்சாது. கையில பதினோரு செகண்டு இருக்குது. சொன்னதைச் சொன்னபடி ஓட்டுங்க, பட்டம் தானா வரும்.”

அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். வண்டியில் ஏறிக் கதவை மூடியதும் மெதுவாகச் சொன்னான்.

“அல்லி, இந்தத் தடவை நீ சொல்றபடிதான் போகப்போறேன். ஒண்ணு கூடவும் இல்லை, ஒண்ணு குறையவும் இல்லை.”

“சரிங்க,” என்றது அல்லி.

வெட்டுப்பள்ளம் என்பது ஒரு பிரமாண்டமான பிளவு. அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு பாதை போகிறது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஈர்ப்பு குறைவு என்பதால் விழுபவருக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும் என்று ஓட்டுநர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

“வலது ரெண்டு,” என்றது அல்லி. கால் தானாக மூன்றுக்கு அழுந்தப் பார்த்தது. பொன்னிவளவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டில் போனான். “இடது நாலு, மேடு.” நான்கில் போனான். மேட்டில் வண்டி எழுந்து, மிதந்து, பூனை இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு இடத்திலும் பின்சக்கரம் வழுக்கவில்லை. ஒரு இடத்திலும் நெஞ்சு தொண்டைக்கு வரவில்லை. எல்லாம் மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. உண்மைக்குப் பழகாத கால் அப்படித்தான் தவிக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். பாதிக் கட்டத்தில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்தவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில் இப்படி ஒரு நிம்மதி இருக்கிறதென்று முன்பே தெரியாமல்போயிற்றே என்று நினைத்தான்.

முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றான். கலாமணி அக்கா ஓடிவருவாள் என்று பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே திரையைப் பார்த்தபடி நின்றாள்.

பட்டம் நஸீமாவுக்கு. ஒன்றரை வினாடி வித்தியாசம்.

பொன்னிவளவன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“அல்லி, அந்த முதல் வளைவு. ரெண்டுன்னு சொன்னியே. உண்மையில எத்தனை?”

“மூணுங்க.”

“மேட்டு வளைவு?”

“அஞ்சுங்க.”

“நீ உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளாச்சே!”

“அப்படித்தானுங்க இருந்தேன். மூணு ராலி உங்ககூட வந்தேன். என்ன சொன்னாலும் நீங்க ஒண்ணு கூட்டறீங்க. இது பள்ளத்து ஓரம். உங்க உசுரு முக்கியம். அதனால ஒண்ணு குறைச்சேன். நீங்க எப்பவும்போல ஓட்டியிருந்தா சரியா இருந்திருக்கும். எட்டு செகண்டுல ஜெயிச்சிருப்பீங்க.”

“சொன்னபடி போறேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. போன மூணு ராலியிலயும் அடிபட்டப்புறம் அதையேதானுங்க சொன்னீங்க.”

“குறைக்கப்போறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா,” என்றது அல்லி, “அதுக்கும் சேத்து ஒண்ணு கூட்டியிருப்பீங்க.”

பரிசளிப்பு விழா ஐந்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். பொன்னிவளவன் ஐந்துக்குப் போனான். மண்டபத்தில் எந்திரன் ஒன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தது. மேடையில் விளக்குகூட எரியவில்லை.

“விழா அஞ்சு மணிக்குத்தானே?” என்று கேட்டான்.

“ஏழுக்குங்க. அஞ்சுன்னு போட்டாத்தான் ஏழுக்கு வருவாங்க. நீங்க ஊருக்குப் புதுசா?”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஸீமா. புதுச் சட்டை, வாரிய தலை, மடியில் கையுறை.

“அஞ்சுன்னு சொன்னா அஞ்சுக்கு வர்ற ஆள் நான் மட்டும்தான்னு நினைச்சேன் அண்ணே.”

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன் தாயி. ஆரம்பிச்சதுலேர்ந்து கெட்ட காலம்.” பக்கத்தில் உட்கார்ந்தான். “வாழ்த்துகள். மனசாரச் சொல்றேன். மைனா எப்படி இருக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க! நாலு வளைவை மூணுங்குது. நான் சொன்னபடி ஓட்டறவ. மூணு ராலி ஊர்ந்தேன், எங்க மேனேஜர் தலையில கையை வெச்சு உக்காந்துட்டார். ‘நீ உள்ளதைச் சொல்லு, நான் கூட்ட மாட்டேன், கூட்ட மாட்டேன்’னு தினமும் கெஞ்சினேன். நம்பவே மாட்டேன்னுச்சு. உங்ககிட்ட வளந்தது இல்லையா. இன்னிக்குக் கடைசிக் கட்டத்துலதான் முதல்முறையா நம்பிச்சு.”

பொன்னிவளவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளும் சிரித்தாள். காலி மண்டபத்தில் அது பெரிதாகக் கேட்டது. சிரிப்பு ஓய்ந்தபோது அவனுக்குள் ஏதோ ஒன்று தெளிந்திருந்தது. இனி அணி தாவப்போவதில்லை. அல்லிக்குத் தன்னை நம்பக் கற்றுக்கொடுக்க ஒரு முழுப் பருவம் வேண்டும். அதற்குப் பிறகு பட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது செய்தி நிறுவனத்தின் கேமரா உருண்டை ஒன்று மிதந்துவந்து மூக்குக்கு நேரே நின்றது. “அடுத்த வருஷம் எந்த அணி சார்?”

“இங்கேயேதான். செம்புழுதியிலதான் இருப்பேன். வேற எங்கேயும் போகலை. இதுதான் உண்மை.”

“தேங்க்ஸ் சார்,” என்று சொல்லிவிட்டு உருண்டை பறந்தது. அது வாசலைத் தாண்டுவதற்குள் மண்டபத்தின் பெரிய திரையில் எழுத்துகள் ஓடின: பொன்னிவளவன் அணி மாறுவது உறுதி. சற்று நேரத்தில் நான்கு அணிகளின் பெயர்கள் கணிப்பில் வந்தன. செம்புழுதியின் மேலாளர், அவனுக்குப் பதில் யாரைப் போடலாம் என்று மூன்று பேரிடம் பேசி முடித்துவிட்டதாக இன்னொரு வரி ஓடியது.

“அல்லி,” என்றான் அவன், கொஞ்சம் கலக்கத்துடன். “நீயாவது கேட்டியா? நான் இங்கேயேதான் இருக்கேன்.”

“கேட்டேனுங்க,” என்றது அல்லி வருத்தமாக. “கேட்ட உடனே வண்டியில உங்களுக்குன்னு பதிஞ்சுவெச்ச சீட் அளவை அழிக்க ஆரம்பிச்சுட்டேன். போற எடத்துல நல்லா இருங்க.”