பச்சைக்குச் சோதனை கிடையாது

காவல்மானி இயந்திரம் மாடத்திக்கு இந்த முறையும் பச்சை விளக்கைத்தான் காட்டியது.

"பச்சைக்குச் சோதனை கிடையாது. அடுத்த ஆளு வாங்க" என்றாள் நர்ஸ் கிளாடிஸ்.

"ரத்தம் கொட்டுது சிஸ்டர்."

"ஒனக்குப் புத்து வராதுன்னு மிஷின் சொல்லுதே!"

பின்னால் நின்ற இசக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருவரும் கயத்தாறு சூரிய மின்வயலில் தகடு கழுவுகிறவர்கள். கர்ப்பப்பை வாயில் குடியேறிப் புற்றைக் கிளப்பும் வைரஸை எதிர்ப்பு அணுக்களிடம் காட்டிக்கொடுக்கும் மரபணு எச்சிலிலேயே தெரிந்துவிடும். அது கூர்மையாக இருந்தால் காவல்மானி பச்சை காட்டும், மந்தமாக இருந்தால் சிவப்பு. சிவப்புக்காரிகளுக்கு வருடாவருடம் சோதனை, சம்பளத்தோடு லீவு என்று சர்க்கார் சட்டம் போட்டது. அந்தச் செலவு வேண்டாமென்று கம்பெனி சிவப்புக்குக் கதவையே சாத்திவிட்டது.

இசக்கி பச்சை. வேலை தேடி வந்தவளெல்லாம் அவள் எச்சிலை வாங்கித்தான் குப்பியில் கொடுத்தாள். "நல்லாத் துப்புக்கா, ஒன் புண்ணியத்துல சோறு திங்கேன்" என்று சிரித்தவள்தான் மாடத்தி.

"அது அவ எச்சில் இல்ல, என் எச்சில்" என்றாள் இசக்கி.

கிளாடிஸ் பதறினாள். "மெல்லப் பேசுட்டி. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

"போவட்டும். அவ எச்சிலாவே இருந்தாத்தான் என்ன? ரத்தம் கொட்டுறவளப் பாக்க மிஷின்ட்ட உத்தரவு வாங்கணுமோ? துளி வினிகர் தடவி டார்ச் அடிச்சுப் பாக்க ஒனக்குக் கை வலிக்கா?"

கிளாடிஸ் திரையை இழுத்தாள். வினிகர் பட்ட இடம் வெளுத்துத் தடித்திருந்தது. தொட்டதும் கசிந்தது.

"போன வருசமே பாத்திருந்தா பொசுக்கி எடுத்திருக்கலாம்."

"போன வருசமும் வந்தேனே சிஸ்டர்" என்றாள் மாடத்தி. "பச்சைன்னு நீங்கதான அனுப்புனிய?"

இசக்கி சும்மா இருக்கவில்லை. வயலில் வலியை அடக்கிக்கொண்டு தகடு கழுவியவர்களையெல்லாம் இழுத்து வந்தாள். பலருக்குப் புற்று. எல்லாருக்கும் இசக்கியின் மரபணுவே என்று பதிவாயிற்று.

எச்சில் யாருடையது என்று கிளாடிஸ் மேலிடத்துக்குச் சொல்லிப் பார்த்தாள். மிஷின் ஏமாறாது என்று பதில் வந்தது. காவல்மானி தானாகக் கற்கும் இயந்திரம். பச்சையில் இத்தனை புற்று. சிவப்பிலோ வருடாவருடம் பார்த்து உடனுக்குடன் சரிசெய்ததால் புற்றே இல்லை. அது கணக்கைத் திருப்பிப் போட்டது. இசக்கியின் மரபணு ஆபத்தானதாம். மந்த மரபணுவே காவலாம்.

மறுநாள் கம்பெனிக் கதவு சிவப்பாகிப்போன இசக்கி கூட்டத்துக்குத் திறக்கவில்லை. லாரி நிறைய விளாத்திகுளத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள். நேற்றுவரை வேலை கிடைக்காத சிவப்புக்காரிகள்.

இசக்கி ஓடிப்போய் மறித்தாள். "வேலை கெடக்கட்டும். வருசா வருசம் பாத்துக்கிட்டியளே, அத மட்டும் விட்றாதிய."

லாரியிலிருந்து குதித்த ஒருத்தி சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அந்தச் சனியனெல்லாம் போன வருசத்தோட போச்சுக்கா. இப்ப நாங்க பச்சைல்லா!"