ஸ்கேனர் நின்ற இடம்

ஸ்கேனர் நின்றுவிட்டது. ஆனால் அதில் யாரும் பேசவில்லை.

சேனாதிபதி தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்தான். யாராவது எங்கோ வயர்லெஸ் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் ஸ்கேனர் ஓர் எண்ணில் நிற்கும்; பேச்சு முடிந்ததும் மறுபடி எண்களை ஓட்டத் தொடங்கிவிடும். இப்போது நின்றது நின்றபடியே இருந்தது. இரைச்சல்கூட இல்லை. அப்படியென்றால் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வயர்லெஸ்மேல் உட்கார்ந்திருக்கிறானோ என்று சிரித்துக்கொண்டான்.

மேசைமேல் மூன்று பெட்டிகள் இருந்தன: திருகு வைத்த சிற்றலை ரேடியோ, லேப்டாப்பில் செருகிக் கேட்கும் விரல் நீளக் கருவி, கைக்கு அடக்கமான இந்த ஸ்கேனர். சோதித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அவன் மனைவி ரேவதியின் உத்தரவு. அவர்கள் வீடிருக்கும் கன்னிவாடியில் பம்புசெட்டு மோட்டார்கள் போடும் சத்தத்தில் நல்ல ரேடியோவும் மட்டமான ரேடியோவும் ஒன்றுபோலத்தான் கொரகொரக்கும். அதனால் செண்பகனூருக்குக் கீழே, சோலைக்காட்டை ஒட்டிய இந்தத் தகரக்கூரை வீட்டை மூன்று நாளுக்கு எடுத்திருந்தான். காலையில் ரேவதி போனில் வந்தாள்.

"மூணு சக்களத்தியக் கூட்டிட்டுப் போயி மலையில குடித்தனம் வெச்சிருக்கீங்க. நானே வாரேன், நாலு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன். எது நல்லாப் பேசுதுன்னு நானும் பாக்குறேன்."

அதற்குப் பிறகு மேகம் இறங்கியது. பகல் மூன்றரை மணிக்கே சன்னலுக்கு வெளியே இருந்த பேரிக்காய் மரம் காணாமல் போய், அதன் கிளையிலிருந்து தகரத்தில் சொட்டும் தண்ணீர் மட்டும் ஒன்று, இரண்டு என்று கேட்டுக்கொண்டிருக்க, யூகலிப்டஸ் இலையும் நனைந்த விறகும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து போர்வையிலும் துணியிலும் ஏறிக்கொண்டது. கரண்ட் போயிருந்தது. போனில் டவரும் இல்லை. பேட்டரியில் ஓடிய மூன்று பெட்டிகளின் சின்ன வெளிச்சம்தான் அறையில் இருந்தது.

ஸ்கேனரில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு ஓர் ஆண் குரல், அவசரமே இல்லாமல் பேசியது.

"தகர வீடு. கதவு சாத்திக் கெடக்கு."

காட்டிலாகா வாட்சராக இருக்கும். யானை வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள் போல.

"உள்ள ஒருத்தந்தேன். மூணு பொட்டி வெச்சிருக்கான்."

சேனாதிபதி மேசைமேல் இருந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தான். எழுந்து சன்னலைத் திறந்தான். வெள்ளை மேகம் முகத்தில் வந்து ஒட்டியது. கீழே ஈர மண்ணில் ஒரு கால்தடமும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு சன்னலைச் சாத்தினான். சரி, சோதித்துவிடலாம் என்று சிற்றலை ரேடியோவைத் திருகி அணைத்தான்.

"ஒண்ண அமத்திட்டான்."

திருகிலிருந்து கையை எடுத்தான். பத்து வருடமாக வானொலி கேட்டுப் பழகிய புத்தி ஒரு வழியைச் சொன்னது. ஸ்கேனரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். அலையை நம் உடம்பு மறைக்கும். எந்தப் பக்கம் திரும்பும்போது குரல் மெலிகிறதோ, அப்போது பேசுகிறவன் நம் முதுகுப் பக்கம் இருக்கிறான். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், பயம் பாதி போய்விடும் என்று சேனாதிபதி நம்பினான்.

கதவைப் பார்த்து நின்றான். ஸ்கேனரில் அந்தக் குரல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. குரல் மெலிந்தது. அப்படியானால் ஆள் பின்னால், அடுப்படிப் பக்கம். சரிபார்க்க அடுப்படியைப் பார்த்துத் திரும்பினான். இப்போது குரல் வலுக்க வேண்டும்.

மெலிந்தே இருந்தது.

சன்னல் பக்கம் திரும்பினான். மெலிவு. கட்டில் பக்கம். மெலிவு. மறுபடி கதவு. ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பேசுகிறவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தான்.

திரும்பிப் பார்த்தான். அறை காலியாக இருந்தது.

"சுத்துறான்" என்றது குரல். "சுத்தட்டும்."

ஸ்கேனரை வீசி எறியப் போனான்.

"ரோட்டுல பஸ்ஸு நிக்கிது. ஒருத்தி எறங்குறா. கையில தூக்குவாளி."

ரேவதி.

இனி அதை எறியவும் முடியாது, அணைக்கவும் முடியாது. அவள் எங்கே வருகிறாள் என்று சொல்ல இந்த ஊமை மேகத்துக்குள் வேறு யாரும் இல்லை. மூன்று பெட்டிகள் இருந்தன, மூன்றும் கேட்கத்தான் செய்யும். வராதே என்ற ஒரு வார்த்தையை அவளிடம் கொண்டுபோக ஒன்றாலும் ஆகாது. வருகிறேன் என்று அவள் சொன்னபோது தடுக்காமல் விட்ட காலை நேரத்தை நினைத்து அழுகை வந்தது.

கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"வெளிய போறான். நானுங் கூடப் போறேன்."

கை நின்றது. வெளியே போனால் இதையும் முதுகில் கூட்டிக்கொண்டு அவளிடம் போக வேண்டும். போகாவிட்டால் அவளே இதனிடம் வந்து சேருவாள்.

"பாலத்தத் தாண்டிட்டா. வெரசா வாறா."

ஒரே வழிதான். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். திரும்பி, முதுகைக் கதவோடு சேர்த்து அழுத்தி நின்றான். இப்போது பின்னால் வெறும் பலகை. நூல்கூட நுழையாது. அவள் வாசலுக்கு வந்ததும் கூச்சல் போட்டுத் துரத்திவிடலாம். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகட்டும், உயிரோடு போகட்டும்.

ஸ்கேனர் நெஞ்சில் இருந்தது. குரல் இன்னும் மெலிந்தது.

இன்னும்.

பிடரியில் ஈர மூச்சு பட்டது.

படிக்கல்லில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டியது முதுகெலும்பில் விழுந்தது.

"என்னங்க... தொறங்க. குளிரு தாங்கல."

கத்தினான். ரேவதி, ஓடு. உள்ளே வராதே. வாய் அசைந்தது. தொண்டை கிழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"உள்ளதேன இருக்கீங்க?"

மறுபடி கத்தினான். ஒன்றுமில்லை.

அவன் பிடரிக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து, அவனுடைய சொந்தக் குரல், அன்பாகப் பேசியது.

"வந்துட்டியா ரேவதி? இரு, தொறக்குறேன்."

வெளியே அவள் சிரித்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.