பாலம் வரும், நேராப் போங்க

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஃபேனைக் குறைத்துவிடுங்கள், இது காதால் பயப்பட வேண்டிய கதை, ஃபேன் ஓடினால் பாதி விழாது. நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கமெல்லாம் வேண்டாம். சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்.

பெசன்ட் நகரில், வேளாங்கண்ணிக் கோயில் மணிச்சத்தம் சன்னல் வழியாக நேரே சமையலறைக்கு வந்துவிடும் தூரத்தில், இரண்டாம் மாடி வீடு ஒன்று. அதில் பியாட்ரிஸ் என்று ஒருத்தி தனியாக இருந்தாள். இருபத்தாறு வருஷம் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐப்பசி மாதம், மழை வருமா வராதா என்று வானம் மூடிக்கிடந்த ஒரு நாள், பகல் மூன்றரை மணிக்கு, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, முந்தின வாரம் தான் பதிவு செய்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடியது.

அதை அவள் பதிவு செய்தது படுக்கையறையில். சன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க. அங்கே தண்ணீருக்கு ஏது வேலை?

அவள் பார்த்த வேலை என்னவென்று சொல்கிறேன். அடையாறில் ஜெயராம் என்பவர் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருந்தார். ஐரோப்பாவில் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, நம் ஊர்க்காரர்களைப் பத்து நாள் சைக்கிளில் போகவைப்பார். போகிறவர் ஃபோனில் பியாட்ரிஸின் குரல் இருக்கும். அந்தந்தத் திருப்பம் வந்ததும் அந்தந்த வரி காதில் ஒலிக்கும். அவள் விமானம் ஏறினதே இல்லை. வரைபடம், படங்கள், அங்கே தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் எழுதும் கடிதங்கள் இவற்றை வைத்தே வழி சொல்லுவாள்.

ஜெயராமுக்கு ஒரு பழக்கம். ஆற்றைப் பற்றிய வரியை ஆற்றங்கரையில்தான் பேச வேண்டும். "குரலுக்குப் பின்னாடி ஊர் கேக்கணும் டீச்சர்" என்பார். அதனால், அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மரப்பாலத்துக்கான வரியை, ஊரூர் குப்பம் தாண்டி, அடையாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் உடைந்த பாலத்தில் நின்று பேசினாள். பாதியில் அறுந்து நிற்கிற பாலத்தில் நின்றுகொண்டு, "பாலம் வரும். இறங்க வேணாம். நேராப் போங்க" என்றாள். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, மாதா கோயில் கொடியேற்றத்தன்று விடுதிக்காரர்களிடமிருந்து அவளுக்கு மின்னஞ்சலில் கடிதம் வந்தது. மரப்பாலத்தின் நடுப் பலகைகளைப் பழுதுபார்க்கக் கழற்றியிருக்கிறார்கள், சைக்கிள்காரர்களை அதற்கு முன்பே இடது பக்கம் தோட்டத்து வழியில் திருப்பிவிடுங்கள் என்று. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நவநாள் ஜெபம், சமையல், தேர். வரியை மாற்ற வேண்டுமானால் மறுபடி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். கொடி இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாளன்று, மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் அந்தப் பாலத்தில் ஏறினார். அறுபத்துமூன்று வயது, மனைவியை இழந்தவர். கிளம்புமுன் அவளைக் கூப்பிட்டு, "அவ போனப்புறம் ஆத்துல பேச்சுத்துணைக்கு ஆளில்லைம்மா. பத்து நாள் உங்க குரல் கூட வருமோன்னோ, அது போறும்" என்று சொன்னவர். காலைப் பனி. சைக்கிள் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

கடிதம் முன்னாலேயே வந்தது ஜெயராமுக்குத் தெரியாது. பியாட்ரிஸ் அதை அழித்துவிட்டாள். போன வாரம், ஆற்றங்கரைக்குப் போகாமல் படுக்கையறையிலேயே, இடது பக்கம் திரும்புங்கள் என்று வரியை மாற்றிப் பேசினாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை.

இப்போது அதே வழியில் சோஃபியா. பியாட்ரிஸ் தூக்கி வளர்த்த தங்கை. கூட வந்தவர்கள் மழைக்குப் பயந்து வேனில் போய்விட்டார்கள். "எனக்கு அக்கா குரல் இருக்கே, போதும்" என்று காலையில் வாட்ஸ்அப்பில் சிரித்திருந்தாள். நம் நேரம் ஐந்தரைக்கு அவள் பாலத்தருகே இருப்பாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மனசமாதானத்துக்குத்தான் பியாட்ரிஸ் கேட்க உட்கார்ந்தாள்.

மறுபடி கேட்டாள். தண்ணீர், அதற்குள் இன்னொரு சத்தம்: மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளவிட்டால் சைக்கிளின் பின்சக்கரம் போடுமே, டிக் டிக் டிக் டிக் என்று, அது. முதலில் தூரத்தில். அடுத்த முறை அருகில். மூன்றாம் முறை அது ஹெட்ஃபோனிலிருந்து வருகிறதா, முதுகுக்குப் பின்னால் கூடத்திலிருந்து வருகிறதா என்று தெரியாமல் கழற்றிப் பார்த்தாள். கூடத்தில் யாருமில்லை. வாசனை மட்டும் இருந்தது. பூசைக்குப் பிறகு கிண்ணத்தில் தங்கும் திராட்சை ரசம் புளித்தால் வருமே, அந்த வாசனை, ஈர மண்ணோடு கலந்து, சோபா முதுகில் யாரோ நனைந்த துணி போட்டதுபோல.

நான்காம் முறை வரியே மாறியிருந்தது. "பாலம் வரும். இறங்க வேணாம். நேராப் போங்க."

புதிதாகப் பேசிப் பதிவு செய்தாள். ஓடவிட்டாள். பழைய வரி. இன்னொரு முறை. பழைய வரி.

சோஃபியாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஜெயராமைக் கூப்பிட்டாள்.

"எனக்குப் புதுசுதான் கேக்குது டீச்சர். இடது பக்கம் திரும்புங்கன்னு சுத்தமா சொல்றீங்க. ஒரு காபி குடிச்சிட்டுப் படுங்க."

அவருக்கு இடது. அவளுக்கு நேர். சோஃபியாவுக்கு எது?

எங்கே நின்று சொன்னேனோ அங்கே நின்றுதான் அழிக்க வேண்டும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. நீலப் புடவையோடு, செருப்பு மாட்டினது பாதி மாட்டாதது பாதியாக இறங்கி நடந்தாள்.

குப்பத்துச் சந்தில் பவுல்சாமி வலை உலர்த்திக்கொண்டிருந்தான். அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது படகுக்காரன்.

"இன்னா டீச்சர், பொழுது சாயற நேரத்துல பாலத்தாண்ட போய்க்கினு கீற? லவ்வர்ஸு போற எடம் அது."

"வேலை இருக்குடா."

"பெருசு ஒண்ணு சைக்கிள்ல இப்பத்தான் போச்சு. உன்னியத்தான் கேட்டுச்சு. தொப்பலா நனைஞ்சு கீது டீச்சர், இங்க ஒரு தூறல்கூட இல்ல!" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "நான் கூட வரட்டா?"

அவள் நிற்கவில்லை. மணல் பாதையில் ஒற்றைச் சக்கரத்தடம் ஈரமாக முன்னே போனது. போனதுதான் இருந்தது, திரும்பின தடம் இல்லை.

பாலத்தின் மேல் காற்று இல்லை. கீழே ஆறு கறுப்பாக, கடலைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது. சிமெண்டு அறுந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு வரை போனாள். ஃபோனை வாயருகே கொண்டுபோனாள். ஃபோன் அடித்தது.

"அக்கா! நீயா கூப்ட்ட? பையில இருந்துது. இங்க எல்லாம் மஞ்சளா இருக்குக்கா, தோட்டம் பூரா..."

"சோஃபி, நில்லு. எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட. நேராப் போங்க, நேராப் போங்கன்னு நீதான் சொல்லிட்டே இருக்கியே."

"ஏறாத. நடுவுல பலகை இல்ல. அடைச்சு வெச்சிருப்பாங்க பாரு."

"ஒரு அடைப்பும் இல்ல. பாலம் முழுசா இருக்கு." பிரேக் பிடிக்கும் சத்தம். "அக்கா. நீ எப்ப வந்த?"

"என்னடி?"

"அந்தப் பக்கம் நிக்கற. உன் நீலப் புடவை. பக்கத்துல யாரோ பெரியவர், சைக்கிளோட." சிரித்தாள். "ஃபோன்ல கதை விடறியா, கள்ளி? இரு, வரேன்."

வராதே என்று பியாட்ரிஸ் கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது.

"பாலம் வரும்" என்றது வாய். "இறங்க வேணாம்."

தோளுக்குப் பின்னால் புளித்த திராட்சை வாசனை. ஈரம் சொட்டும் சத்தம். ஃபோனில் டிக் டிக் டிக் டிக்.

"நேராப் போங்க."

எதிரே ஆறு. ஆற்றுக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து அவளுடைய வலது கை தானாக உயர்ந்தது. வா வா என்று அசைந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். இறங்கவில்லை. ஃபோனில் டிக் டிக் சத்தம் நின்றது, தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் மிச்சம். கை அசைந்துகொண்டே இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. கையை விட்டுவிடாதீர்கள், அப்படியே இருங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினவர்கள் போகிற வழியிலெல்லாம் பாலங்கள் முழுசாக இருக்கட்டும். வழி சொல்லுகிற வாய் சரியான நேரத்தில் சரியாகச் சொல்லட்டும். எண்ணிப் பார்த்தால் ஒருவரும் குறையாமல், எல்லோருடைய செருப்பும் ராத்திரி உங்கள் வாசலில் கிடக்கட்டும்.