கொல்லைக் கொட்டகையும் ஒன்பதாம் வகுப்பும்

"மாசத்துக்கு ரெண்டு வாட்டி தூரமாவற பொம்பளைய இந்த வூட்லதான்டி பாக்கறேன்! இன்னா கூத்துடி இது?"

கோகிலாம்பாளின் குரல் அடுப்படியில் கிளம்பி, நடையைக் கடந்து, கொல்லைக் கோடியில் இருந்த கீற்றுக் கொட்டகை வரைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். உறுவையாறு கிராமத்தில் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த நாள் முதல் ஓரகத்தி பேசுவதும் இவள் கேட்பதுமாகவே காலம் ஓடிவிட்டது. ஆனால் இன்றைக்கு அந்தப் பேச்சு ஒரு காதில்தான் விழுந்தது. இன்னொரு காது ரோட்டுப் பக்கமே இருந்தது. முதல் பஸ் போய்விட்டதா... அடுத்ததை விட்டால் டவுனுக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியுமா...

"ஆக்கறது நானு, தேய்க்கறது நானு, மாட்டுக்குத் தண்ணி காட்டறது நானு! மகாராணி கொட்டாயில உக்காந்துக்குவா. போதாததுக்கு இவ பொண்ணு வேற, ஒவ்வொரு வாட்டியும் போயி அம்மாவத் தொட்டுட்டு வந்து நிக்கும்! ஏன்டி தனக்கொடி, இம்மாம் பெரிய பொண்ணு, தொடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

கொட்டகை ஓரம் நின்ற தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற வீடுகளில் மாதவிலக்கில் தூரமானவளைத் தொட்டுவிட்டால் ஒரு குளியலோடு போயிற்று. கோகிலாம்பாளின் சட்டம் அதைவிடக் கடுமை. தொட்டவளும் அன்றைக்கு முழுக்க அடுப்படிப் பக்கமோ சாமி அறைப் பக்கமோ வரக் கூடாது, கொல்லையோடு சரி.

அந்தச் சட்டத்தைத்தான் செங்கமலம் பிடித்துக்கொண்டாள். உண்மையில் தூரமானவள் அவள் இல்லை. தனக்கொடி.

தைப் பொங்கல் கழிந்த வாரம், கிணற்றடியில் பெண் நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் அழுதது பயத்தால் இல்லை. "அம்மா... என்னை ஸ்கூல்லேருந்து நிறுத்திடுவாங்களாம்மா?" என்றுதான் அழுதாள். சந்தோஷச் செய்தியைச் சொல்லி ஊருக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டிய தாய், பெண்ணின் வாயைப் பொத்தினாள்.

கோகிலாம்பாளின் கணவரான மூத்தவர் தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்து, தம்பியையும் தம்பி குடும்பத்தையும் ஒரே சட்டியில் சோறு போட்டுக் காப்பவர். "படிக்கறவரைக்கும் படிக்கட்டும். ஆனா பொண்ணு வயசுக்கு வந்துட்டா அன்னியோட நிறுத்திடணும். நம்ம வூட்டு வழக்கம் அது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். செங்கமலத்தின் கணவன் கோவிந்தராஜும் தலையாட்டினான். அண்ணன் சொல்லுக்கு அவன் தலையாட்டுவதைப் பார்த்தால் பூம்பூம் மாடு வெட்கப்படும்.

ஆகவே செங்கமலம் மாதத்தில் தனக்காக ஒரு தடவையும் மகளுக்காக ஒரு தடவையும் கொட்டகையில் உட்கார்ந்தாள். 'அம்மாவைத் தொட்டுட்டேன்' என்று சொல்லி மகளும் கொல்லையிலேயே நின்றுகொண்டாள். அந்த வீட்டுச் சாமிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குறையெல்லாம் செங்கமலத்தின் பேரில்தான் விழுந்தது. சோம்பேறி என்றார்கள், சீக்குக்காரி என்றார்கள். கேட்டுக்கொண்டாள்.

இடையில் பள்ளிக்கூடம் தேடும் வேலையும் நடந்தது. எட்டாவதோடு பக்கத்துப் பள்ளிக்கூடம் முடிந்துபோகிறது. அங்கே பாடம் நடத்தும் வள்ளிநாயகி டீச்சர்தான் புதுச்சேரி டவுனில் இருக்கும் பெண்கள் ஹைஸ்கூலைச் சொன்னாள். செங்கமலம் கோயிலுக்குப் போகிற சாக்கில் இரண்டு தரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மதில் உயரமா, மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சாயங்கால பஸ் இருட்டுவதற்குள் ஊர் திரும்புமா என்று வாட்ச்மேனிலிருந்து கண்டக்டர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்தாள். மூத்தவர் என்ன கேட்டாலும் பதில் கையில் இருக்க வேண்டுமே!

'மொதல்ல எடம் கெடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று மூத்தவர் சொன்ன அரை மனச் சம்மதத்தோடு மனுப் போட்டாயிற்று. டவுனுக்கு வெளியே இருக்கும் பெண்களுக்குக் கொஞ்ச இடம்தான். இன்றைக்குப் பத்து மணிக்கு அப்பாவோ அம்மாவோ பெண்ணை நேரில் அழைத்து வர வேண்டும். வராதவர்களின் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மகளுக்கு அந்தப் பாழாய்ப்போன தூரமும் நேற்றுத்தான் வந்து தொலைத்தது!

கோவிந்தராஜைக் கெஞ்சிப் பார்த்தாள். "இன்னிக்குச் சரக்கு வருதே... கடைய வுட்டு வந்தா அண்ணங்கிட்ட இன்னான்னு சொல்றது? நீயே போயிட்டு வந்துடேன்" என்றவன், கொட்டகையில் இருப்பவள் எப்படிக் கிளம்புவாள் என்றுகூட யோசிக்காமல் சைக்கிளை மிதித்துவிட்டான்.

வேறு வழியில்லை. கோகிலாம்பாள் அடுப்படிக்குள் போன நேரம் பார்த்துச் செங்கமலம் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். கொடியில் கிடந்த நல்ல புடவையை ஈரத்தோடு சுற்றினாள். வேலிச் சந்து வழியாகப் போய்விட்டால் பஸ் நிறுத்தம் ஐந்து நிமிஷம்... "வாடி, சீக்கிரம்!" என்று மகளின் கையைப் பிடித்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

கையில் கஞ்சிச் சொம்போடு கோகிலாம்பாள் நின்றிருந்தாள். அவள் பார்வை ஈரத் தலையில் விழுந்தது, நல்ல புடவையில் விழுந்தது.

"ரெண்டாம் நாளே தலைக்கு ஊத்திகினியா? அடிப்பாவி... அப்ப நீ தூரமே இல்ல! பொய்யி! வேலைக்கு டிமிக்கி குடுக்கச் சாமியவே ஏமாத்தியிருக்கியேடி! நான் முதுகொடிய ஒழைக்கறேன், நீ பொய்த் தீட்டு சொல்லிகினு குந்திகினு கெடந்திருக்க! வரட்டும், அவரு கடையிலேருந்து வரட்டும். உன்ன உன் ஆத்தா வூட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறு வேல!"

"அக்கா... வந்து சொல்றேங்க்கா... இப்ப வுட்டுடுங்க, பஸ்ஸு..."

"பஸ்ஸா! பொய் சொல்ற வாயிக்குப் பஸ்ஸு ஒண்ணுதான் கொற! பொய்க்காரி! பொய்க்காரி!"

"பெரியம்மா!"

தனக்கொடி இதுவரை அந்த வீட்டில் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை.

"அம்மாவப் பொய்க்காரின்னு சொல்லாதீங்க! தூரமா இருக்கறது நான்தான்... தையிலேருந்து நான்தான்..."

"அடிப் பொண்ணே! கெடுத்தியேடி!" செங்கமலம் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். இனிப் பொத்தி என்ன? முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. இத்தனை மாதம் அவள் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்செல்லாம் ஒரு நொடியில் வீண்.

கோகிலாம்பாள் துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொம்பு சாய்ந்து கஞ்சி தரையில் ஓடியது. அவள் கத்துவாள் என்று செங்கமலம் காத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"இவ பொறந்தப்ப மொதல்ல கையில வாங்கினது நானு... இவளுக்குன்னு பட்டுத் தாவணி எடுத்து ரெண்டு வருசமா டிரங்குப் பொட்டியில வச்சிருக்கேன். இவ பெரியவளானத எங்கிட்டயே மறைச்சிட்டியேடி... என் வயித்துல பொறக்கலன்னுதானே?"

"ஐயோ, அக்கா!" செங்கமலம் அவள் காலடியில் விழுந்தாள். "அப்பிடிச் சொல்லாதீங்க! உங்களால மறைக்க முடியாதுக்கா. சந்தோசம் தாங்காம ஊரக் கூட்டிடுவீங்க. ஊரு கூடினா படிப்பு நின்னுடும். அதுக்குப் பயந்துதான்... உங்க அடுப்படிக்கு அவள அனுப்பல, சாமி ரூமுக்கு அனுப்பல. நீங்க சோம்பேறின்னு திட்டறப்பல்லாம், திட்டட்டும், எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கான்னு நெனச்சிகினேன். இன்னிக்குப் பத்து மணிக்குப் போவலன்னா எடம் போயிடும்க்கா. அப்புறம் என்ன வெட்டிப் போடுங்க!"

தூரத்தில் எங்கோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செங்கமலம் பதறித் திரும்பினாள். கோகிலாம்பாளின் கண் மட்டும் கிணற்றடி வெந்நீர் அடுப்பில் நின்றது.

"நான் பெரியவளான அன்னிக்கு என் புத்தகத்தயெல்லாம் எடுத்து அடுப்புல வச்சாங்கடி" என்றாள். "அந்த நெருப்புலதான் எனக்குத் தண்ணி காய வச்சி ஊத்தினாங்க. நான் ஒரு வார்த்த கேக்கல. எங்கம்மாவும் கேக்கல."

சட்டென்று எழுந்தாள். நேரே போய்த் தனக்கொடியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, தொடாதீங்க! தீட்டு..."

"தொட்டாச்சி போடி!"

இத்தனை வருஷத்தில் கோகிலாம்பாள் தன் சட்டத்தைத் தானே மீறிச் செங்கமலம் பார்த்ததில்லை.

"நீ போவாத" என்றாள் கோகிலாம்பாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ அங்க போயி வாயத் தொறந்தா அழுவ. அழுவறவளுக்கு எவன் எடம் குடுப்பான்? நான் இட்டுகினு போறேன். சோறு ஆக்கி வச்சாச்சி. மறுபடி தலைக்கு ஊத்திகினு அடுப்படிக்குப் போ, இன்னிக்கு அது போதும். மத்தியானம் கேரியர் எடுக்க கடையிலேருந்து ஆளு வந்தா குடுத்தனுப்பு. வூடு பூட்டியிருந்தா அவருக்குச் சேதி போயிடும்."

"அப்பாவோ அம்மாவோதான் வரணுமாம்க்கா..."

"நான் யாருடி அப்ப?" என்று ஒரு அதட்டல் போட்டாள். கொடியிலிருந்த இன்னொரு புடவையை உருவிச் சுற்றிக்கொண்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு, வேலிச் சந்து வழியாகவே போய்விட்டாள்.

அன்றைய பகல் செங்கமலத்துக்கு ஒரு யுகம். பஸ்ஸைப் பிடித்தார்களா? பிடித்தாலும் பெரியம்மாவை ஏற்றுக்கொள்வார்களா? ஓரகத்தி அங்கேயும் குரலை உயர்த்திச் சண்டை வளர்த்துவிட்டால்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். காட்டினோமா என்று மறந்து மறுபடி காட்டினாள். கேரியர் எடுக்க வந்தவனிடம் மோருக்குப் பதிலாக அரிசி கழுவிய நீரைக் கொடுக்கப் போய் நல்லவேளையாகப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வேலிக்கு ஓடினாள். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரிக்கும் ஓடினாள்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார்கள். கோகிலாம்பாள் வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு மொதல்ல."

"அக்கா... கெடச்சிதா?"

"தண்ணி குடுடின்னா!" ஒரு செம்பு நீரையும் அண்ணாந்து குடித்து முடித்தாள். "பெரிய டீச்சரம்மா கேட்டாங்க, நீங்க அம்மாவான்னு. பெரியம்மான்னேன். பெத்தவ எங்கன்னாங்க. இவளுக்காக வூட்ல உக்காந்துகினு இருக்கான்னேன். அதுல ஒரு பொய்யி இல்ல பாரு! அப்புறம் இவள படிக்கச் சொன்னாங்க. கடகடன்னு படிச்சா. எனக்கு ஒண்ணும் புரியல, அழுவ வந்துடிச்சி. உன்ன அழுவாதன்னு சொல்லிட்டு நான் அழுதேன்டி!... கெடச்சிடுச்சி. ஒம்போதாங் கிளாஸு. ஆனில தொறக்கறாங்களாம்."

செங்கமலம் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அழக்கூட அவளுக்கு நேரம் இல்லை. விளக்கு வைக்கும் வேளை ஆகிவிட்டது. இரண்டு சைக்கிள்களின் மணிச் சத்தம் வாசலில் கேட்டது. அவள் எழப் போனாள். கோகிலாம்பாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காரு. யாரும் எழுந்துக்க வாணாம்."

வீடு இருட்டாக இருந்தது. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. தெய்வசிகாமணி நடையைத் தாண்டிக் கொல்லைக்கு வந்தார். பின்னாலேயே கோவிந்தராஜ்.

"இன்னா கோகிலா, வெளக்குகூட வைக்கல?"

"தனக்கொடி பெரியவளாயிட்டா. நான் தொட்டுட்டேன். செங்கமலமும் தொட்டுட்டா. வெளக்கு வைக்க ஆளில்ல."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நல்ல சேதிதானே! நாளு பாத்துச் சடங்க வச்சிடலாம். அப்ப அந்த டவுன் பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு சொல்லி..."

"தையிலேயே ஆயிட்டா" என்றாள் கோகிலாம்பாள்.

"இன்னாது?"

"தையிலேயே ஆயி, தெனம் பள்ளிக்கூடம் போயி, பரிட்ச எழுதி முடிச்சிட்டா. உங்க வழக்கம் அப்பவே போயிடுச்சி. கடையில யாவாரம் படுத்துச்சா? ஊர்ல எவனாவது பல்ல காட்டினானா? சாமி கண்ணக் குத்திச்சா? போனதே தெரியாத வழக்கத்துக்கு எதுக்குங்க அந்தப் பொண்ணோட படிப்ப அடுப்புல வைக்கணும்?"

தெய்வசிகாமணியின் முகம் சிவந்தது. "என் வூட்லயே என்ன ஏமாத்தினீங்களா? யாரு செஞ்சது இத?"

செங்கமலம் எழுந்தாள். மூத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவள் பேசியதே இல்லை.

"நான்தான் மாமா. தண்டன எதுவானாலும் எனக்குக் குடுங்க. படிப்ப மட்டும் அவளுக்குக் குடுத்துடுங்க."

மாடு தலையை ஆட்டியது. பிறகு, யாரும் எதிர்பாராமல், கோவிந்தராஜ் தொண்டையைச் செருமினான்.

"அண்ணா... போவட்டும்ணா. தெனம் நானே பஸ் ஏத்தி வுடறேன்."

அண்ணனுக்கு எதிராக அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. சொன்ன பயத்தில் உடனே அடுப்படிக்குள் ஓடிவிட்டான். உள்ளே தகர டப்பாக்கள் உருண்டன. ஊருக்கெல்லாம் பருப்பு நிறுத்துப் போடுகிற இரண்டு பேருக்கும் சொந்த வீட்டில் பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் புகை மட்டும் வந்தது.

"அவன் வூட்ட கொளுத்திடுவான் போலிருக்கு. போயி குளிச்சிட்டு வா கோகிலா" என்றார் தெய்வசிகாமணி.

"நீங்க சரின்னு சொல்றவரைக்கும் நான் இங்கதான்."

அவர் புகையைப் பார்த்தார், தனக்கொடியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் பஸ்ஸு நேரத்தோட வருமா?"

"இருட்டறதுக்குள்ள வந்துடும் மாமா. விசாரிச்சிட்டேன்" என்றாள் செங்கமலம், மூச்சு விடாமல். "மதிலுகூட உசரம்தான்."

"ஹும்... எல்லாத்தையும் விசாரிச்சிருக்க!" அவர் திரும்பி நடந்தார். நடையருகே நின்று சொன்னார்: "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மஞ்சத்தண்ணி ஊத்திடுங்க. அப்பால லீவு போட வாணாம்."

கோகிலாம்பாள் செங்கமலத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சோம்பேறின்னு சொன்னேனே... இந்த வாயால எத்தினி பேச்சு பேசினேன்டி உன்ன... ஒரு நாளு எதுத்துக் கேட்டிருக்கக் கூடாதா நீ?" இருவரும் வெட்கமில்லாமல் ஓலமிட்டு அழுதார்கள். பிறகு கோகிலாம்பாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாடி குளிக்கலாம். இது உன் எடம் இல்ல."

செங்கமலம் தயங்கி மகளைப் பார்த்தாள். இத்தனை மாதமும் இந்தத் தரையில் அவளைத் தனியே விட்டுப் போனதில்லை. தனக்கொடி லாந்தரைத் தூண்டிவிட்டு, டவுனிலிருந்து கொண்டுவந்த புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போம்மா" என்றாள். "இனிமே நானே உக்காந்துக்கறேன்."

செங்கமலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போய் விளக்கை ஏற்றினாள்.